ஒத்துப்போகாத நாக்குகள்

என் அண்ணன் அபீலியு லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். லிஸ்பனில் அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. ஊரே மேடும் பள்ளமும். மேட்டின் மேல் ஆறு மாடி, ஏழு மாடி என்று கட்டிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிழட்டு லிஃப்ட். காலையில் பென்ஃபிகாவில் ஒன்று நின்றுபோகும், மதியம் அல்காந்தராவில் ஒன்று முனகும், சாயங்காலம் யாரோ ஒரு கிழவி நாய்க்குட்டியோடு நடுமாடியில் மாட்டிக்கொள்வாள். அதனால் அவனுக்கு மதியச் சாப்பாடு தொடர்ந்து ஒரே இடத்தில் அமைந்ததில்லை. எங்கே வேலையோ அங்கே பக்கத்துச் சந்தில் எந்தக் கடை திறந்திருக்கிறதோ, அதன் கவுண்டரில் நின்றபடி ஒரு சாண்ட்விச், சின்ன கிளாஸில் பீர். அவ்வளவுதான்.

மற்றவர்கள் அதைப் பசிக்குச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அண்ணன் மறக்கமாட்டான். ராத்திரி வீட்டுக்கு வந்து கை கழுவும்போதே ஆரம்பித்துவிடுவான். ரொட்டி எந்தப் பேக்கரியிலிருந்து வந்திருக்கும், கறியை எப்போது ஊறவைத்திருப்பார்கள், பூண்டை நசுக்கினார்களா நறுக்கினார்களா என்று. நான் துணி தைத்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவேன். நாங்கள் இருவரும் அம்மா விட்டுப்போன வீட்டில்தான், பெஞ்ஞ தெ ஃப்ரான்ஸா மேட்டில், ஒன்றாக இருந்தோம். அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான் பண்ணிக்கொண்டு, இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். கால்சட்டை சுருக்குவது, ஜிப் மாற்றுவது, ஓரம் அடிப்பது, இதுதான் என் பிழைப்பு.

அண்ணனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். வல்தெமார். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போகவேண்டும். ஒருவன் மேலே மோட்டார் அறையில், ஒருவன் கீழே குழியிலோ பெட்டியின் கூரை மேலோ. இவர்கள் இருவரும் மீசை முளைத்த வயதிலிருந்தே ஜோடி. வல்தெமார் நல்ல பருமன். கழுத்து எப்போதும் சிவந்திருக்கும். சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மனைவி சீக்கிரமே போய்விட்டாள். செலெஸ்த் என்று ஒரே மகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். அப்புறம் வீடு வீடாக இருக்காது.

இருவரும் லிஸ்பனிலேயே சிறந்த பிஃபானா எங்கே கிடைக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பன்றிக்கறித் துண்டைப் பூண்டும் வெள்ளை ஒயினும் சேர்த்து வாட்டி, ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்களே, அதுதான். இந்த ஊரில் சாண்ட்விச் என்றால் முதலில் அதுதானே. அவர்களுக்குள் ஒரு விதி. இரண்டு பேரும் ஒரே கடையை ஒத்துக்கொள்ளவேண்டும். ஒத்துக்கொண்ட அன்று தேடல் முடிந்தது. என்னை அந்தக் கடைக்குக் கூட்டிப்போய் விருந்து வைப்பார்கள்.

ஆனால் எங்கே ஒத்துப்போவது? வல்தெமாருக்குச் சாறு வேண்டும். அண்ணனுக்கு வறட்சியாக வேண்டும்.

"சாறுல ரொட்டி ஊறணும்டா. கடிச்சா கை வழியா முழங்கை வரைக்கும் ஒழுகணும். அதுக்குப் பேருதான் பிஃபானா" என்பான் வல்தெமார்.

"அதுக்குப் பேரு குளியல். துண்டு எடுத்துட்டுப் போ."

"நீ திங்கிறது என்ன? செருப்பு. மேல கொஞ்சம் உப்பு."

"கறியோட மணம் தெரியணும்டா மடையா. நீ கடுகு சாஸை அப்பி, மிளகாய் எண்ணெயைக் கொட்டி, உள்ள பன்னி இருக்கா பழைய பாய் இருக்கான்னே தெரியாம முழுங்குற. கறியை நம்பாதவன்தான் கடுகு போடுவான்."

"ஒலிந்தா, உங்கண்ணனைப் பெத்தாங்களா, இல்ல எங்கேயாவது பொறுக்கிட்டு வந்தாங்களா?"

"என்னை இழுக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணாத வரைக்கும் எனக்குப் பட்டினிதான். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்பேன்.

மேஜையைத் தட்டுவார்கள், எழுந்து நிற்பார்கள், ஒருவன் மூக்கருகே ஒருவன் விரலை நீட்டுவான். கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். கடைசியில் வல்தெமார் தொப்பியை மாட்டிக்கொண்டு, "திங்கக்கிழமை உன்னை மார்விலாவுல ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். சாப்பிட்டுட்டு என் கால்ல விழுவ" என்று சொல்லிவிட்டுப் போவான். திங்கட்கிழமை ராத்திரி அண்ணன் வந்து, "குப்பை" என்பான். முகம் முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்.

ஆற்றின் மேல் புதுப்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் அது நடந்தது. காம்பு த ஒரீக் பக்கம் ஒரு பழைய கட்டடம். பிப்ரவரி மழை. அண்ணன் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வல்தெமார் மேலே மோட்டார் அறையில். கீழேயிருந்து அண்ணன் குரல் கொடுத்த பிறகுதான் மேலே மின்சாரத்தைப் போடவேண்டும். அப்போது கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் மாடிப்படியில் வந்தாள். வல்தெமார் வழக்கம்போல அவளிடம், "இந்தப் பக்கம் பிஃபானா எங்கம்மா நல்லாருக்கும்?" என்று கேட்டிருக்கிறான். அவள் ஒரு கடைக்கு வழி சொல்ல ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே, கை பழக்கத்தில், அவன் சுவிட்சைத் தள்ளிவிட்டான்.

பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே எழும்பியது. அண்ணன் நிலைதடுமாறிப் பின்பக்கமாகச் சாய்ந்து, சுவரிலிருந்த இரும்புத் தாங்கியில் மண்டை இடித்து விழுந்தான்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வல்தெமார் நடைபாதையில் பெஞ்சு இருந்தும் உட்காராமல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "நான்தான் ஒலிந்தா. என் கைதான்" என்றான். நான் அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை. தலையில் தையல், ஒரு தோள் எலும்பு முறிவு. சில நாள் கழித்து வீட்டிலிருந்து கீரைச் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். உருளைக்கிழங்கை நன்றாக மசித்து, மேலே காரக்கறித் துண்டு போட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி. நாலு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தான்.

"உப்பு இருக்கு" என்றான்.

"அதிகமா?"

"இல்ல. உப்பு மட்டும்தான் இருக்கு."

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்க அந்த வாசனை. அண்ணன் அவளிடம் ஒரு தோல் துண்டை வாங்கி, மடித்துப் பிதுக்கி, மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டான். திரும்பவும் பிதுக்கினான். பிறகு அதைப் போர்வை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டாக்டர் நிதானமான மனுஷி. மண்டையில் பட்ட அடியில் மோப்ப நரம்புகள் அறுந்திருக்கும் என்றாள். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும், மற்றதெல்லாம் மூக்கின் வேலை. சிலருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வரும், சிலருக்கு வராது. அவள் போனதும் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வல்தெமார்கிட்ட சொல்லாத."

"ஏன்? இன்னைக்கு இல்லன்னா நாளைக்குத் தெரியத்தானே போகுது."

"தெரியக்கூடாது. தலையில தையல் போட்டதுக்கே வெளிய நின்னு அழுவுறான். இது தெரிஞ்சா அவன் உயிரோட இருக்கமாட்டான். நீ சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினான். முதல் நாள் மதியம் வல்தெமார் அவனை நல்ல கடையாகப் பார்த்துக் கூட்டிப்போயிருக்கிறான். எப்படி இருக்கிறது என்று பயந்துகொண்டே கேட்டிருக்கிறான். அண்ணன் மென்று, கண்ணை மூடி, யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டு, "பூண்டு கருகியிருக்கு" என்றானாம். வல்தெமாருக்கு உயிர் வந்ததாம். "எங்கடா கருகியிருக்கு? உன் மண்டைதான் கருகியிருக்கு!" என்று கத்தினானாம். இதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் அவன் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

அப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள்கூடத் தவறாமல் நடித்தான். ரொட்டி கடிக்கும்போது வரும் சத்தத்தை வைத்துச் சண்டை போட்டான். கறியின் சூட்டை வைத்து, தடிமனை வைத்து, நார் பல்லில் மாட்டுவதை வைத்துச் சண்டை போட்டான். கடைக்காரியின் வாணலி எந்த நிறத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்வான். வல்தெமார் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து, அதற்கு நேர் எதிராகச் சொல்வான். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சமையலறையில் அதே கூச்சல், கீழ்வீட்டுக்காரியின் அதே துடைப்பம். நான் மட்டும் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருப்பேன்.

தனியாக இருக்கும்போது அவன் வேறு ஆள். தட்டில் போட்டதைக் கடமைக்குத் தின்பான். கால்சட்டை இடுப்பை நானே மூன்று தரம் சுருக்கிக் கொடுத்தேன். ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பினால் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, வீடெல்லாம் புகை வாடை. அவன் அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இன்னொரு நாள் அம்மாவின் பழைய கம்பளிச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அம்மா போன பிறகு அதைத் துவைக்காமலே வைத்திருந்தோம். நான் வந்ததைப் பார்த்து, "தூசி" என்று சொல்லி மடித்து வைத்தான்.

கடுகை அத்தனை கேலி செய்தவன் கடுகு போட ஆரம்பித்திருந்தான். எரிச்சல் மட்டும் அவனுக்குத் தெரிந்தது. மூக்கின் உள்ளே சுர்ரென்று ஏறுமாம். "அது ஒண்ணுதான்டி எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றான். வல்தெமார் கேட்டபோது, வயதாகிறது, ருசி மாறுகிறது என்று சமாளித்துவிட்டான்.

வெளிப்பட்டது ஒரு மோட்டார் அறையில். அன்றைக்கு மேலே இருந்தது அண்ணன். மோட்டாரின் செம்புச் சுருள் உள்ளுக்குள்ளேயே தீய்ந்துகொண்டிருந்திருக்கிறது. புகை தெரியவில்லை, வாடை மட்டும்தான். நாலு மாடி கீழே இருந்த வல்தெமாருக்கே அது எட்டிவிட்டது. மூச்சிரைக்க ஏறிவந்து பார்த்தால், அண்ணன் அந்த மோட்டாருக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து திருகாணி எண்ணிக்கொண்டிருக்கிறான். வல்தெமார் மின்சாரத்தை நிறுத்தினான். ஜன்னலைத் திறந்துவிட்டான். அண்ணனும் ஏதோ உளறிச் சமாளித்ததாக நினைத்துக்கொண்டான்.

மறுநாள் அண்ணன் பல்டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் வல்தெமார் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டான்.

நான் ஜிப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தெரியாத மாதிரி கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"அடிபட்ட நாள்லேர்ந்து."

"அப்ப இத்தனை வருஷமா அவன் தின்னதெல்லாம்..."

"ஆமா."

"என்னோட சண்டை போட்டதெல்லாம்..."

"உங்களுக்காகத்தான்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாத ஒலிந்தா. அவன் இவ்ளோ பாடுபட்டது வீணாப் போயிடும்" என்றான். அதற்கும் தலையாட்டினேன். அண்ணனின் ரகசியம் ஒரு பக்கம், இவன் ரகசியம் ஒரு பக்கம் என்று என் தலையில் இரண்டு மூட்டை.

அவன் நினைத்தது என்னவோ நல்லதுதான். ஆனால் நடிக்க அவனுக்கு வராது. அந்த வாரத்திலிருந்து அண்ணன் எதைச் சொன்னாலும் ஆமாம் போட ஆரம்பித்தான். அண்ணன் காய்ந்த கறி நல்லது என்றால், ஆமாம், நல்லது. கடுகு வேண்டும் என்றால், சரி, வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் சமையலறையில் கடிகாரச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் என்னைப் பிடித்து, "உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாள்.

அண்ணனும் என்னிடம் கேட்டான். "வல்தெமாருக்கு என்ன ஆச்சு? எதைச் சொன்னாலும் மாடு மாதிரி தலையாட்டுறான்."

"வயசாகுதில்ல" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமை மதியம், "கிளம்பு, உனக்கு விருந்து. நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்" என்று என்னைக் கூப்பிட்டான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை. அந்தப் பக்கம் போகிற டிரைவர்களே அங்கே சாப்பிடமாட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்; அது தெரிந்தேதான் அண்ணன் அங்கே கூட்டிப்போயிருக்கிறான். வல்தெமார் எங்களுக்கு முன்பே வந்து கவுண்டரில் நின்றிருந்தான். மூன்று தட்டு வந்தது. நான் ஒரு வாய் கடித்தேன். நேற்றைய ரொட்டி. கறி சாம்பல் நிறத்தில், திரும்பத் திரும்பச் சுடவைத்த எண்ணெய்க் காறலோடு. விழுங்க முடியாமல் பீரைக் குடித்தேன்.

அண்ணன் ஒரு கடி கடித்து, மென்று, "நான் சொன்னேன்ல? லிஸ்பன்லயே இதுதான்" என்றான்.

வல்தெமார் தன்னுடையதை மென்றான். கண் கலங்கியிருந்தது. "ஆமாடா. இதுதான்" என்றான். "தேடினது போதும். இதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான். நான் வாயிலிருந்ததை விழுங்கிய விதத்தைப் பார்த்தான். பிறகு சாண்ட்விச்சை மெதுவாகத் தட்டில் வைத்தான்.

"இவ சொல்லிட்டாளா?"

வல்தெமார் தட்டை நகர்த்தி வைத்தான்.

"சண்டை போடுடா" என்றான் அண்ணன். "இது குப்பைன்னு சொல்லு. நான் நாக்கு செத்தவன்னு சொல்லு. இவ்ளோ நாள் சொன்னல்ல, இப்ப என்ன வந்துச்சு? சொல்லு!"

"எப்படிடா சொல்வேன்?" என்றான் வல்தெமார். "எந்த வாயால சொல்வேன்? ஒரு ரொட்டிக்கடைக்கு வழி கேட்டுட்டு நின்னேன்டா அங்க. அதுக்காக உன்னை..."

"நான் கேட்டனா? உன்னை ஏதாவது ஒரு நாள், ஒரு வார்த்தை கேட்டனா?"

"கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அண்ணன் பின்னாலேயே போய்த் தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டான்.

திங்கட்கிழமை வல்தெமார் வேறு கூட்டாளி கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த வருஷக் கடைசியில் வேலையையே விட்டுவிட்டு மகளிடம் போய்ச் சேர்ந்தான். செலெஸ்த் லக்ஸம்பர்கில் ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்தாள். எங்கள் ஊரில் பாதிப்பேர் போகிற இடம்தானே.

அண்ணனுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போக ஆரம்பித்தான். நான் சாப்பிடவேண்டும், என்ன ருசி என்று சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் வல்தெமாருக்குப் போன் போட்டு அதை வைத்துச் சண்டை இழுப்பான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? எங்க நல்லாருக்கு? முதல்ல என்ன வருது, கடைசியில என்ன நிக்குது?"

"எனக்குத் தெரியல அண்ணா. பன்னிக்கறி மாதிரி இருக்கு."

"கடவுளே, இவளுக்குப் போய் மூக்கைக் குடுத்திருக்கியே!" என்று தலையில் அடித்துக்கொள்வான். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். அந்தச் சனிக்கிழமைகளில் எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு இருந்தது என்பதை மறைப்பானேன். எனக்கும் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. ஒயின் புளித்துப்போயிருந்தால் சொல்வேன், பிரியாணி இலை அதிகமென்றால் சொல்வேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் வல்தெமார் பிடிகொடுக்கவில்லை. "சரிடா... நல்லது... அங்க மழையா? இங்க பனி." அண்ணன் போனை வைத்துவிட்டுக் கையை அதன் மேலேயே வைத்திருப்பான்.

ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அந்த ஆகஸ்டில் வல்தெமாரும் வந்தான். இளைத்து, சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. எங்கள் தெருமுனையில் இதாலினா அம்மாவின் கடையில் மூவரும் நின்றோம். இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். உடம்பு எப்படி, மகள் எப்படி, பேரன் பள்ளிக்கூடம் போகிறானா. கேட்கவே கஷ்டமாக இருந்தது. பிஃபானா வந்தது. அண்ணன் பழக்கத்தில் கடுகுப் புட்டியைக் கவிழ்த்து அழுத்தினான். மஞ்சளாக வழிந்து தட்டெல்லாம் பரவியது.

"எவ்ளோடா ஊத்துவ!" வல்தெமார் தன்னை அறியாமல் கத்திவிட்டான். "இதாலினா அம்மா விடியக்காலைல எழுந்து பூண்டு உரிச்சு ஊறவச்சிருக்கா. அது மேல சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி..." அத்தோடு நின்றுபோனான். கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அண்ணன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "சொல்லு. நிறுத்தாத. முழுசாச் சொல்லு!"

"வேணாம்டா."

"பயந்தாங்கொள்ளி. சாறுல நனைச்ச பஞ்சைத் திங்கிறவன் நீ, என் கடுகைப் பேச வந்துட்டியா?"

"யாருடா பஞ்சு? வறட்டு எருமைத் தோலைத் தின்னு வளர்ந்தவனே!"

அப்புறம் ஒரு பாட்டம் நடந்தது. பழையபடி. கவுண்டரைத் தட்டல், விரல் நீட்டல் எல்லாம். இதாலினா அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "சண்டைன்னா ரோட்டுக்குப் போங்கய்யா!" என்றாள். அண்ணன் அவளிடம், "போகமாட்டோம்மா, இன்னொரு பீர் குடுங்க" என்றான். வல்தெமார் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறியது. அண்ணன் அவன் பிடரியைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். வல்தெமார் கவுண்டரில் நின்றபடியே விம்மினான். கடையில் இருந்தவர்கள் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நவம்பரில் செலெஸ்த்தின் புருஷன் போன் பண்ணினான். மாரடைப்பு. கடைக்குப் போன இடத்தில் விழுந்திருக்கிறான். அங்கேயே அடக்கம் பண்ணப்போகிறார்கள்.

அண்ணன் பஸ் ஏறிப் போனான். ஸ்பெயினைத் தாண்டி, பிரான்ஸைத் தாண்டி, உட்கார்ந்தபடியே. அடக்கம் முடிந்த மறுநாளே அதே மாதிரி திரும்பினான். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரொம்பக் குளிரு. மண்ணு கட்டியா இருந்துச்சு. வெட்டுறவங்க கஷ்டப்பட்டாங்க" என்றான்.

அதற்குப் பிறகு அவன் கடைகளுக்குப் போகவில்லை. சனிக்கிழமை என்னைக் கூப்பிடவில்லை. வேலைக்கு வீட்டிலிருந்து டப்பாவில் சாதம் எடுத்துப்போனான். மூக்கு திரும்பி வரவே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட வேலை செய்தவர்கள், நல்ல சாண்ட்விச் கிடைக்கிற கடையில் விருந்து வைக்கிறோம், எந்தக் கடை என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். மீன் சாப்பிடலாம் என்றுவிட்டான்.

போன வருஷம் வசந்தகாலத்தில் செலெஸ்த் வந்தாள். தலை நரைத்து, அப்பாவின் சாயலில் அகன்ற தோளோடு. காபி கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"மாமா, உங்களை ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருஷமா நெஞ்சுல கிடக்கு" என்றாள். "அப்பா தூக்கத்துல உங்க பேரைச் சொல்லி மன்னிச்சுக்கோன்னு கத்துவாரு. கேட்டா, நான் ஒரு ஆளைப் பாழாக்கிட்டேன்னு மட்டும் சொல்வாரு. என்ன பண்ணாரு எங்கப்பா? நான் தெரிஞ்சுக்கணும். அவரு கெட்டவரா?"

நான் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவிட்டு அண்ணனைப் பார்த்தேன்.

அவன் யோசிக்கக்கூட இல்லை. "உங்கப்பனா? அவனுக்குக் கொசுவை அடிக்கவே மனசு வராது" என்றான். "லிஃப்ட் மேல நின்னுட்டிருந்தேன். மழைநாளு, ஷூவுல எண்ணெய். என் கால்தான் வழுக்கிச்சு. அவன் மேல இருந்தான், பாவம், அவனுக்கு என்ன தெரியும்? ஆனா அவன் சுபாவம் உனக்குத் தெரியாதா? பக்கத்துல யாராவது தும்முனாக்கூட தன்னாலன்னு நினைச்சுக்குவான். எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டாத்தானே."

"நிஜமாவா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

செலெஸ்த் கோப்பையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நெடுநேரம் அழுதாள். அண்ணன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். நான் ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தேன். போகும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. அண்ணன் வாசல்வரை போய், அவள் படியிறங்கி மறைகிற வரைக்கும் விளக்குப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி எரியவிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் மாடிப்படி விளக்கு தானாக அணைந்துவிடும்.

உள்ளே வந்ததும், "சூப் இருக்கா?" என்று கேட்டான்.

சூடுபண்ணி ஊற்றினேன். கிண்ணம் காலியாகும்வரை குடித்தான்.